மதில்டாவுல ஒரு நாள்னா நமக்கு 17 நாளுக்கு மேல. இதுக்கு பிரேக் போட்டது யாரு?

#1 நீலவானம்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், நான் தொடங்குற முதல் இழை இதுதான், தப்பு இருந்தா திருத்துங்க.

ரெண்டு வாரமா 253 மதில்டாங்கிற சிறுகோளப் பத்தி கிடைச்சதெல்லாம் படிச்சிட்டிருக்கேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்குற பிரதான பட்டைல சுத்துது, சராசரி குறுக்களவு கிட்டத்தட்ட 53 கி.மீ, சூரியன ஒரு தடவ சுத்தி வர 4.3 வருஷம். இது வரைக்கும் எதுவும் விசேஷம் இல்ல. ஆனா தன்னைத்தானே ஒரு சுத்து சுத்தி முடிக்க 417.7 மணி நேரம் எடுத்துக்குது! அதாவது நம்ம கணக்குல 17 நாளும் ஒம்பதரை மணி நேரமும். வெஸ்டாங்கிற சிறுகோள் 5.3 மணி நேரத்துல சுத்திடுது, அவ்ளோ பெரிய சீரிஸே 9 மணி நேரம்தான், ஐடா 4.6, காஸ்ப்ரா 7. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் பம்பரமா சுத்தும்போது இது மட்டும் ஏன் இப்படி ஊர்ந்துட்டிருக்கு?

நான் பாத்த எடத்துல எல்லாம் "மெதுவா சுத்தும் சிறுகோள்"னு ஒரு வரி போட்டுட்டு குழிகளப் பத்தி பேசப் போயிடுறாங்க. எனக்கு அந்த ஒரு வரிதான் வேணும். விண்வெளில உராய்வு கிடையாது, ஒரு தடவ சுத்த ஆரம்பிச்சா சுத்திக்கிட்டேதான் இருக்கணும். அப்போ இதுக்கு பிரேக் போட்டது யாரு?

#2 துருவம்

வாங்க நீலவானம், முதல் இழையே நல்ல கேள்வியோட வந்திருக்கீங்க.

புதுசா படிக்கிறவங்களுக்காக கொஞ்சம் முன்கதை. இத 1885 நவம்பர் 12 அன்னிக்கு வியன்னாவுல யோஹான் பலிசா கண்டுபிடிச்சார். அவர் தொலைநோக்கில கண்ண வச்சே நூத்துக்கும் மேல சிறுகோள்கள கண்டுபிடிச்ச மனுஷன், அந்த வரிசைல இதுவும் ஒண்ணு. பேரு, அப்போ பாரிஸ் வானாய்வகத்துல துணை இயக்குநரா இருந்த மோரிஸ் லோவியோட மனைவி மதில்டேவுக்காக வச்சதுன்னு சொல்றாங்க. அப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல இது பட்டியல்ல ஒரு நம்பர், அவ்ளோதான். இது மெதுவா சுத்துறது தெரிய வந்தது 1995-ல. அதுவும் நியர் விண்கலம் போற வழில இதப் பாத்துட்டுப் போகப் போகுதுன்னு ஆனதால எல்லாரும் இது பக்கம் திரும்பினாங்க, அப்பத்தான் தெரிஞ்சது. இல்லன்னா இன்னும் எத்தன வருஷம் கண்டுக்காம விட்டிருப்பாங்களோ.

#3 புது_கண்

சின்ன டவுட். தொலைநோக்கில பாத்தா சிறுகோள் வெறும் புள்ளிதானே, நட்சத்திரம் மாதிரி. அந்தப் புள்ளி எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவ சுத்துதுன்னு எப்படி தெரியும்?

#4 பழைய_லென்ஸ்

புது_கண், இதுக்கு நான் பதில் சொல்றேன், இந்த வேலைல பல வருஷம் ராத்திரி கண் முழிச்சிருக்கேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

சிறுகோள் உருண்டையா இருக்காது, உருளைக்கிழங்கு மாதிரி ஒரு பக்கம் நீண்டிருக்கும். அகலமான பக்கம் நம்மளப் பாத்தா வெளிச்சம் கூடும், குறுகின பக்கம் பாத்தா குறையும். ஒரு முழு சுத்துல அகலமான பக்கம் ரெண்டு தடவ வரும், குறுகினது ரெண்டு தடவ, அதனால வெளிச்சத்த நேரத்துக்கு எதிரா வரைஞ்சா ரெண்டு மேடு ரெண்டு பள்ளம் கிடைக்கும். இததான் லைட்கர்வ்னு சொல்றோம். அஞ்சாறு மணி நேரத்துல சுத்துற கல்லுன்னா ஒரே ராத்திரில முழு கர்வும் கைல வந்துடும், மறுநாள் சரி பாத்துட்டு அடுத்த கல்லுக்குப் போயிடலாம்.

மெதுவா சுத்துறதுல இது நடக்காது. மதில்டாவ ராத்திரி எட்டு மணி நேரம் விடாம படம் எடுத்தாலும் அது 7 டிகிரி கூட திரும்பி இருக்காது. உங்க கிராஃப்ல ஒரு நேர்கோடு இருக்கும், அவ்ளோதான். அடுத்த ராத்திரி இன்னொரு நேர்கோடு. இந்த நேர்கோடுகள ஒண்ணோட ஒண்ணு கோத்தாதான் கர்வ் வரும், கோக்குறதுலதான் எல்லா சிக்கலும். சிறுகோள் நகர்ந்துக்கிட்டே இருக்கும், நேத்து பக்கத்துல இருந்த நட்சத்திரங்கள வச்சு வெளிச்சத்த அளந்திருப்பீங்க, இன்னிக்கு அந்த நட்சத்திரங்கள் ஃப்ரேம்லயே இருக்காது, புது நட்சத்திரங்கள வச்சு அளக்கணும். அந்த ரெண்டு செட் நட்சத்திரத்துக்கும் வெளிச்ச அளவு துல்லியமா தெரியலன்னா ரெண்டு ராத்திரியும் ஒட்டாது. இதோட, மாசக்கணக்குல பாக்கும்போது பூமிக்கும் அதுக்கும் தூரம் மாறும், சூரிய ஒளி விழுற கோணம் மாறும், அதனாலயும் வெளிச்சம் கூடக் குறைய ஆகும், அத எல்லாம் கழிச்சிட்டு மிச்சம் இருக்குறதுதான் சுழற்சி.

நான் பண்ணின ஒரு தப்ப சொல்றேன், யாராவது இதுலேர்ந்து தப்பிச்சா நல்லது. பல வருஷம் முன்னாடி 288 கிளாவ்கேங்கிற சிறுகோள எடுத்தேன். மூணு ராத்திரியும் தட்டையான கோடு. ஆனா முதல் ராத்திரி கோடு ஒரு உயரத்துல இருக்கு, மத்த ரெண்டும் வேற வேற உயரத்துல இருக்கு. நான் என்ன நினைச்சேன்னா ஜீரோ பாயிண்ட்ல, அதாவது வெளிச்சத்த அளக்க வச்ச அடிமட்டத்துல கோளாறு, மூணும் ஒரே மட்டத்துல இருக்கணும்னு, நானே கோடுகள மேல கீழ தள்ளி ஒண்ணாக்கிட்டேன். "வெளிச்சத்துல மாற்றம் எதுவும் இல்ல, கல்லு உருண்டையா இருக்கணும்"னு நோட்டுல எழுதியும் வச்சேன். அந்த உயர வித்தியாசம்தான் சுழற்சியே. கைல வந்து விழுந்த சிக்னல நானே அழிச்சிருக்கேன். கிளாவ்கே ஒரு சுத்து முடிக்க கிட்டத்தட்ட 1170 மணி நேரம், 48 நாளுக்கு மேலன்னு அப்புறம்தான் படிச்சேன். இன்னிக்கும் அந்த நோட்ட பாத்தா மனசு வலிக்கும்.

#5 நீலவானம்

லென்ஸ் சார், இத படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அப்போ 1995-ல மொட்டோலாங்கிற வானியலாளரோட குழு மதில்டாவுக்கு 417.7-னு ஒரு பதில் கொண்டு வந்தாங்கன்னா எத்தன ராத்திரி, எத்தன தடவ நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் சரி பாத்திருக்கணும்! அப்போ இன்னிக்கு மாதிரி வானம் முழுக்க துல்லியமான நட்சத்திர கேட்டலாக் எதுவும் கிடையாதே.

#6 பழைய_லென்ஸ்

கிடையாது. இன்னிக்கு கையா விண்கலத்தோட டேட்டா இருக்கு, எந்தத் திசைல திரும்பினாலும் அளந்து வச்ச நட்சத்திரம் கிடைக்கும். அப்போ அந்தந்த ராத்திரி வெளிச்ச அளவு ஏற்கெனவே தெரிஞ்ச நட்சத்திரங்கள் இருக்குற ஒரு பகுதிக்கு தொலைநோக்கியத் திருப்பி, அத அளந்து, திரும்ப சிறுகோளுக்கு வரணும், நடுவுல மெல்லிசா ஒரு மேகம் வந்தாலும் அன்னிக்கு ராத்திரி போச்சு. அதனாலதான் மெதுவா சுத்துற கல்லுங்க பட்டியல்ல ரொம்ப நாள் கம்மியாவே இருந்துச்சு. இல்லாம இல்ல, யாரும் பொறுமையா உக்காரல. சீக்கிரம் முடியுறத எடுத்துப்போம்னு தோணுறது மனுஷ சுபாவம். டெஸ் விண்கலம் ஒரே வானத்த வாரக்கணக்குல விடாம பாத்ததுல கிட்டத்தட்ட பத்தாயிரம் சிறுகோளோட லைட்கர்வ் மொத்தமா வந்துச்சு, அதுல மெதுவா சுத்துறது நாம நினைச்சத விட ரொம்ப அதிகம்னு தெரிஞ்சது.

#7 காற்றாடி

பிரேக் யாருன்னு கேட்டீங்கல்ல, யார்ப் விளைவுதான், இதுல என்ன சந்தேகம்? சூரிய ஒளி பாறைய சூடாக்கும், அந்தச் சூடு அகச்சிவப்பா வெளிய போகும்போது ரொம்ப மெல்லிசா ஒரு உதை கொடுக்கும். கல்லோட வடிவம் கோணலா இருந்தா அந்த உதை எல்லா பக்கமும் சமமா இருக்காது, ஒரு முறுக்கு விசையா மாறும். சிலத வேகமாக்கும், சிலத மெதுவாக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சொல்ற மாதிரி கோடிக்கணக்கான வருஷத்துல அடிச்சு நிறுத்திடும். 2007-ல இத நேரடியா அளந்தே காட்டிட்டாங்க, 12 நிமிஷத்துல ஒரு தடவ சுத்துற ஒரு குட்டி கல்லோட சுழற்சி வருஷத்துக்கு ஒரு மில்லி செகண்ட் அளவு வேகமாயிட்டு வருதுன்னு. அந்தக் கல்லுக்கே யார்ப்னு பேரு வச்சாங்க.

#8 கணக்குப்புலி

காற்றாடி, யார்ப் நிஜம், நீங்க சொன்ன 2007 அளவும் சரி. ஆனா நீங்க சொல்ற கல்லு நூறு மீட்டர் சொச்சம். மதில்டா 53 கி.மீ. இங்கதான் விஷயமே இருக்கு.

யார்ப்புக்கு ஆகுற நேரம் குறுக்களவோட வர்க்கமா கூடும். சைஸ் பத்து மடங்குன்னா நேரம் நூறு மடங்கு. பட்டைல இருக்குற 1 கி.மீ கல்லோட சுழற்சிய மாத்த ஒரு கோடி வருஷம் போதும்னு தாராளமாவே வச்சுக்குவோம், நிஜத்துல இத விடக் கூடத்தான் ஆகும். 53 கி.மீ-க்கு 53 × 53, அதாவது 2809 மடங்கு. 2809 கோடி வருஷம். சூரியக் குடும்பத்தோட வயசே 456 கோடி வருஷம்தான். எறும்பு ஊரலாம், ஆனா அதுக்கு நேரம் பத்தலையே.

#9 காற்றாடி

சைஸ் கணக்க நான் யோசிக்கல, ஒத்துக்குறேன். ஆனா அப்படிப் பாத்தா லென்ஸ் சார் சொன்ன கிளாவ்கேயும் 30 கி.மீ-க்கு மேலதானே, அதுக்கும் யார்ப் பத்தாதே?

#10 கணக்குப்புலி

அதுக்கும் பத்தாது. அஞ்சு பத்து கி.மீ வரைக்கும் உள்ள மெதுவான கல்லுங்களுக்கு யார்ப் நல்ல பதில், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. பெருசுங்களுக்கு வேற ஏதோ வேணும்.

#11 மண்ணும்கல்லும்

பிரேக் பத்தி பேசுறதுக்கு முன்னாடி அந்தக் கல்லு எப்படிப்பட்டதுன்னு ஒரு தடவ பாத்துடுவோம், ஏன்னா பதில் அதோட உடம்புலயே இருக்கலாம்னு எனக்குத் தோணுது.

நியர் 1996 பிப்ரவரில கிளம்புச்சு, போற எடம் ஈரோஸ்ங்கிற சிறுகோள். வழில 1997 ஜூன் 27 அன்னிக்கு மதில்டாவ 1212 கி.மீ தூரத்துல, செகண்டுக்கு கிட்டத்தட்ட 10 கி.மீ வேகத்துல கடந்துச்சு. சூரியன்கிட்டேர்ந்து பூமியப் போல ரெண்டு மடங்கு தூரம், சோலார் பேனல்ல வர்ற மின்சாரம் கால்வாசியா குறைஞ்சு போச்சு, அதனால இருந்த கருவிகள்ல கேமரா ஒண்ண மட்டும்தான் ஆன் பண்ணி வச்சாங்க. அதுவும் நெருங்கினப்போ சூரியன் இருக்குற திசைக்குப் பக்கமா பாத்து மதில்டாவத் தேட வேண்டியிருந்துச்சு, முதல்ல தெரிஞ்சது மெல்லிசா ஒரு பிறை மட்டும். அப்புறம் தாண்டிப் போகப் போக வெளிச்சம் விழுற பக்கம் விரிஞ்சு வந்துச்சு. 25 நிமிஷத்துல ஐநூறுக்கும் மேல படம்.

இப்போ நீலவானத்தோட கேள்விக்கு வர்றேன். அந்த 25 நிமிஷத்துல மதில்டா எவ்ளோ திரும்பி இருக்கும்? 0.36 டிகிரி. அரை டிகிரி கூட இல்ல. ஐடா மாதிரி ஒரு கல்லா இருந்தா விண்கலம் நெருங்கி வர்ற அந்த சில மணி நேரத்துலயே மறுபக்கத்தையும் காட்டியிருக்கும். இது அசையாம நின்ன மாதிரிதான், எந்தப் பக்கம் காட்டிச்சோ அந்தப் பக்கம்தான். பாதிக்குக் கொஞ்சம் மேல படத்துல வந்துச்சு, மிச்சத்த இன்னி வரைக்கும் யாரும் பாக்கல.

பாத்த பாதிலயே எல்லாரும் ஆடிப் போயிட்டாங்க. 20 கி.மீ-க்குப் பக்கத்துலயும் அதுக்கு மேலயும் அஞ்சு பெரிய குழி, பெருசு கரூ, 33 கி.மீ. மதில்டாவே 53 கி.மீதான்! ஒரு கல்லுல அதோட பாதிக்கு மேல அகலமான குழி விழுந்தா கல்லு உடைஞ்சு சிதறியிருக்கணும், இல்லன்னா ஒரு குழி விழும்போது பக்கத்துக் குழி அழிஞ்சாவது போயிருக்கணும். ரெண்டும் நடக்கல, பக்கம் பக்கமா ஒண்ண ஒண்ணு கெடுக்காம உக்காந்திருக்கு.

குழிகளுக்கெல்லாம் உலகத்துல இருக்குற நிலக்கரிப் படுகைகளோட பேர் வச்சிருக்காங்க, கரூ, இஷிகாரி, தாமோதர், லுப்லின்னு. கரி மாதிரி கருப்பு, விழுற ஒளில 4 சதவீதம் சொச்சம்தான் திருப்பி அனுப்புது.

#12 புது_கண்

ஏன் உடையலன்னு தெரியுமா?

#13 மண்ணும்கல்லும்

அதுக்கு நல்ல விளக்கம் இருக்கு. கடந்து போனப்போ மதில்டாவோட ஈர்ப்பு விண்கலத்த ரொம்ப லேசா இழுத்துச்சு, அத ரேடியோ சிக்னல்ல வந்த மாற்றத்த வச்சு அளந்து எடைய கண்டுபிடிச்சாங்க. எடைய கன அளவால வகுத்தா அடர்த்தி 1.3 வருது. தண்ணிய விட கொஞ்சம்தான் ஜாஸ்தி! அதே மாதிரி கார்பன் நிறைஞ்ச விண்கற்கள் நம்ம கைல இருக்கு, அதெல்லாம் இதப்போல ரெண்டு மடங்குக்குப் பக்கத்துல வரும். அப்போ உள்ள கிட்டத்தட்ட பாதி காலி எடம்.

பாறைல சுத்தியலால அடிச்சா சில்லு தெறிக்கும். பஞ்சு மூட்டைல அடிச்சா அந்த எடம் உள்ள அமுங்கும், பக்கத்துல எதுவும் ஆகாது. மதில்டா ரெண்டாவது வகை. மோதல் வேகத்த எல்லாம் அந்தக் காலி எடங்களே வாங்கி அமுக்கிக்கிச்சு. 1999-ல ஹவுசன், ஹோல்சாப்பிள், வாஸ் மூணு பேரும் இத சோதனை பண்ணியே காட்டினாங்க, காலி எடம் நிறைஞ்ச பொருள்ல குழி தோண்டுற மாதிரி இல்லாம அமுக்கின மாதிரிதான் விழுது, மண்ணு வெளிய பெருசா தெறிக்கல.

#14 நீலவானம்

இந்தத் தகவல் எனக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா அஞ்சு பெரிய அடி வாங்கின கல்லு மெதுவா சுத்துதுன்னா அந்த அடிதானே பிரேக்கா இருக்கணும்? எதிர்த்திசைல ஒண்ணு வந்து சரியா இடிச்சிருந்தா?

#15 துருவம்

அதுக்கு முன்னாடி இன்னொரு வழி இருக்கு, அதையும் பாத்துடுவோம். துணைக்கோள். நிலா பூமியோட சுழற்சிய மெதுவாக்கிட்டே வருது இல்லையா, புளூட்டோவும் அதோட நிலா சாரனும் ஒண்ண ஒண்ணு இழுத்து இழுத்து ரெண்டும் இப்போ 6.4 நாளைக்கு ஒரு தடவதான் சுத்துது. மதில்டாவுக்கும் ஒரு காலத்துல துணைக்கோள் இருந்து, அது சுழற்சிய உறிஞ்சிக்கிட்டு தள்ளித் தள்ளிப் போய் கடைசில விலகியே போயிருந்தா கணக்கு சரியா வரும். நியர் படங்கள்ல துணைக்கோள் இருக்கான்னு தேடினாங்க, கிடைக்கல. இப்போ இல்லைங்கிறதுக்காக அப்பவும் இல்லன்னு ஆயிடாது, ஆனா தடயம் இல்லாத ஒண்ண குற்றவாளின்னு சொல்ல எனக்கு மனசு வரல.

#16 கணக்குப்புலி

நீலவானம், உங்க "எதிர்த்திசைல ஒண்ணு"க்கு நேத்து ராத்திரி உக்காந்து கைக்கணக்கு போட்டேன். தோராயம்தான், மதில்டாவ உருண்டைன்னு எடுத்துக்கிட்டேன், மோத வர்ற கல்லோட அடர்த்தி 2, வேகம் செகண்டுக்கு 5 கி.மீ, பட்டைல சராசரி மோதல் வேகம் அந்த அளவுதான், ஓரத்துல உரசுற மாதிரி வந்து இடிக்குது.

மதில்டா முதல்ல 6 மணி நேரத்துக்கு ஒரு தடவ சுத்திட்டு இருந்துச்சுன்னா, அத முழுசா நிறுத்த 4 கி.மீ சைஸ் கல்லு ஒண்ணு போதும். அந்த மாதிரி கல்லு பட்டைல நிறையவே இருக்கு. அதனால "மோதல் நிறுத்தியிருக்க முடியுமா"ன்னா முடியும்.

ஆனா அடுத்த வரிலதான் எனக்குத் தூக்கம் போச்சு. இப்போ இருக்குற 417 மணி நேர சுழற்சிய அதே மாதிரி ஒரு உரசல்ல முழுசா நிறுத்தவோ ரெண்டு மடங்காக்கவோ எவ்ளோ பெரிய கல்லு வேணும்னு பாத்தேன். 1 கி.மீ கூட வேண்டாம்! தொள்ளாயிரத்து சொச்சம் மீட்டர் போதும். 53 கி.மீ மலைய ஒரு கி.மீ கல்லு. அதாவது இந்த மெதுவான சுழற்சி எடுத்தேன் கவுத்தேன்னு கலைஞ்சு போற நிலை. 4 கி.மீ கல்லு வந்து நிறுத்தணும்னா எழுபதுல ஒரு பங்கு கூடக் குறைய இல்லாம கச்சிதமா நிறுத்தணும். அப்புறம் அதுக்கு மேல ஒரு பெரிய அடியும் ஓரத்துல விழாம இருக்கணும். அஞ்சு பெரிய குழி வாங்கின உடம்புல!

பலபேர் கண்ண மூடிக்கிட்டு ஒரு ஊஞ்சல முன்னையும் பின்னையும் தள்ளினா அது சில நேரம் நிக்கலாம், ஆனா எப்பப் பாத்தாலும் நின்னுட்டே இருக்குன்னா யாரும் நம்ப மாட்டாங்க. குருட்டாம்போக்குல மோதல் மட்டும்தான் காரணம்னா இவ்ளோ மெதுவா சுத்துறது ரொம்ப ரொம்ப அபூர்வமா இருக்கணும். இருக்குறது அத விட அதிகம், கிளாவ்கே, மதில்டா, இன்னும் எத்தனையோ. மோதல மட்டும் வச்சு இத்தனையையும் விளக்க முடியாது.

#17 காற்றாடி

ஒரு மோதல் கச்சிதமா நிறுத்த வேண்டாம், ஒவ்வொரு மோதலும் கொஞ்சம் கொஞ்சமா சுழற்சிய எடுத்துட்டுப் போகுதுன்னு ஒரு கருத்து படிச்சேனே. கல்லு சுத்துற திசைலயே தெறிக்கிற மண்ணுக்கு சுழற்சியோட வேகமும் கூடக் கிடைக்கும், அதனால அது தப்பிச்சுப் போயிடும், எதிர்த்திசைல தெறிக்கிறது தப்பிக்க முடியாம திரும்ப விழும். போறது சுழற்சிய எடுத்துட்டுப் போகும்.

#18 மண்ணும்கல்லும்

டோப்ரோவோல்ஸ்கிஸும் பர்ன்ஸும் 1984-ல சொன்னது. மதில்டா சைஸ் கல்லுங்களுக்காகவே சொன்ன மாதிரி பொருந்தும். ஆனா நான் #13-ல எழுதினத திரும்பப் பாருங்க. இங்க மண்ணு வெளிய தெறிக்கலன்னுதானே குழிகள் அழியாம இருக்குறதுக்கே காரணம் சொல்றோம்? தெறிக்காத மண்ணு எப்படி சுழற்சிய எடுத்துட்டுப் போகும்? ஒரே கல்லுக்கு ரெண்டு விளக்கம் வச்சா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகணும். பழைய காலத்துல, உள்ள இன்னும் இறுக்கமா இருந்தப்போ நடந்திருக்கலாம்னு வேணா சொல்லலாம், அதுக்கு மேல நான் போக மாட்டேன்.

#19 புது_கண்

இடைல புகுந்து கேக்குறேன், மன்னிச்சிடுங்க. அங்க போய் நின்னா எப்படி இருக்கும்?

#20 கணக்குப்புலி

இதுல மன்னிக்க என்ன இருக்கு, நல்ல கேள்வி. சூரியன் உதிச்சா மறைய எட்டு நாள் பதினாறு மணி நேரத்துக்கு மேல ஆகும், அப்புறம் அதே அளவு இருட்டு. வெயில் நம்ம ஊர் வெயில்ல சராசரியா ஏழுல ஒரு பங்கு. நடுக்கோட்டுல தரை நகர்ற வேகம் மணிக்கு 400 மீட்டர், செகண்டுக்கு 11 செ.மீ, குழந்தை தவழுற வேகம். அந்த வேகத்துல மேற்க போயிட்டே இருந்தா உங்களுக்கு சூரியன் மறையவே மறையாது.

ஆனா நடக்க முடியாது. ஈர்ப்பு பூமில ஆயிரத்துல ஒரு பங்கு. இங்க அரை மீட்டர் எகிறுற ஆளு அங்க எகிறினா அரை கி.மீ மேல போய், திரும்ப தரைக்கு வர 11 நிமிஷம் ஆகும். மணிக்கு 85 கி.மீ வேகத்துல ஒரு பந்த எறிஞ்சா அது திரும்பியே வராது.

#21 துருவம்

புலி போட்ட கணக்குல இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு, அத விட்டுடக் கூடாது. ஓரத்துல ஒரு அடி விழுந்தா சுழற்சி வேகம் மட்டும் மாறாது, அச்சும் ஆட ஆரம்பிக்கும். எறிஞ்ச செங்கல் மாதிரி உருண்டு புரண்டு சுத்தும், டம்ப்ளிங். இந்த ஆட்டத்த கல்லு உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா நெளிஞ்சு அடக்கிடும். எவ்ளோ காலத்துல அடங்கும்ங்கிறதுக்கு ஆலன் ஹாரிஸ் 1994-ல ஒரு வாய்ப்பாடு கொடுத்தார், சுழற்சி நேரத்தோட மூணாம் அடுக்கு, குறுக்களவோட வர்க்கத்தால வகுக்கணும். வேகமா சுத்துற கல்லுல சட்டுனு அடங்கிடும். மதில்டாவுக்கு அத போட்டுப் பாத்தா 500 கோடி வருஷத்துக்கு மேல வருது. சூரியக் குடும்பத்தோட வயச விட ஜாஸ்தி. மெதுவா சுத்துற பெரிய கல்லு ஒரு தடவ ஆட ஆரம்பிச்சா அந்த ஆட்டம் நிக்காது.

319 லியோனாவப் பாருங்க. அதுவும் பிரதான பட்டை, மதில்டாவ விடக் கொஞ்சம் பெருசு, கருப்பு. 430 மணி நேரம், 1084 மணி நேரம்னு ரெண்டு காலம் சேர்ந்து ஓடுது, அசல் டம்ப்ளர். 2023 டிசம்பர் 12 அன்னிக்கு திருவாதிரை நட்சத்திரத்துக்கு முன்னாடி கடந்து போய் சில செகண்ட் அத மங்கலாக்கிச்சே, அதே லியோனாதான். அன்னிக்கு எல்லாரும் திருவாதிரையப் பத்திதான் பேசினாங்க. நான் நேரலைல பாத்துட்டு முன்னாடி போற கல்ல நினைச்சிட்டிருந்தேன்.

#22 நீலவானம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு பேரு கிடைக்கும்னு கேள்வி கேட்டேன். யார்ப்புக்கு நேரம் பத்தல, துணைக்கோளுக்குத் தடயம் இல்ல, மோதலுக்கு இவ்ளோ கச்சிதம் வரணும், மண்ணு எடுத்துட்டுப் போச்சுன்னா மண்ணு தெறிக்கல. கேள்வி இன்னும் திறந்தே கிடக்கு, ஆனா எந்தக் கதவு எதனால மூடியிருக்குன்னு இப்போ தெரியுது. புலி சொன்ன ஒரு கி.மீ கணக்கு எனக்கு ரொம்ப நாள் மறக்காது.

லென்ஸ் சார், ஒண்ணு கேக்கணும். என்கிட்ட 8 அங்குல தொலைநோக்கி இருக்கு, கேமராவும் வாங்கிட்டேன். மெதுவா சுத்துற கல்லு ஒண்ண எடுக்க ஆசை. உங்க எடத்துக்கும் என் எடத்துக்கும் தீர்க்கரேகைல நல்ல வித்தியாசம் இருக்குன்னு உங்க பழைய பதிவுகள்ல பாத்தேன்.

#23 பழைய_லென்ஸ்

தாராளமா சேர்ந்து பண்ணலாம், எனக்கும் கிளாவ்கே கடன் ஒண்ணு பாக்கி இருக்கு, அதையே எடுப்போம். மெதுவான கல்லுல ஒரு சௌகரியம் என்னன்னா ராத்திரி முழுக்க உக்கார வேண்டாம், ஒரு ராத்திரிக்கு அரை மணி நேரம் போதும், ஆனா அந்த அரை மணி நேரம் ரெண்டு மூணு மாசத்துக்கு விடாம வேணும். என் பக்கம் மேகம் வந்த நாள்ல நீங்க எடுங்க, உங்க பக்கம் மேகம்னா நான் எடுக்குறேன்.

ஃபில்டர் ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கணும். எக்ஸ்போஷர நடுவுல மாத்தாதீங்க. கல்லு நடு வானத்துக்குப் பக்கத்துல உயரமா இருக்கும்போது எடுங்க, அடிவானத்துல வேண்டாம். ஒப்பிட எடுக்குற நட்சத்திரங்களோட நிறம் சூரியன் நிறத்துக்குக் கிட்ட இருக்கணும், அஞ்சுக்குக் குறையாம எடுங்க, எல்லாத்துக்கும் கையா கேட்டலாக்லேர்ந்து வெளிச்ச அளவு போடுங்க. ரெண்டு ராத்திரி கோடு வேற வேற உயரத்துல வந்தா கை வைக்காதீங்க, அப்படியே எனக்கு அனுப்புங்க.

#24 நீலவானம்

கை வைக்க மாட்டேன் சார். இன்னிக்கு ராத்திரி வானம் தெளிவா இருக்கு, ஃபோகஸ் சரி பாத்துட்டு முதல் அரை மணி நேரத்த எடுத்துடுறேன்.